பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு: வாசகர் கேள்வி பதில்

பணியிடப் பாதுகாப்புக் கருவிகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஏழினை இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரும் தொழிலும் வேறானாலும் பெரும்பாலோரின் குறை ஒன்றுதான்: செலவழித்துப் பொருத்தியாயிற்று, தேவைப்பட்ட நாளில் அது கைகொடுக்கவில்லை. ஆகவே புதிதாக எதை வாங்கலாம் என்பதைக் குறைத்துக்கொண்டு, சுவரிலும் கதவிலும் ஏற்கெனவே மாட்டியிருப்பதை எப்படி முழுமையாகப் பயன்படுத்துவது என்பதையே அதிகம் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் முதல் பேக்கிங் வரை 4 மெகாபிக்சல் கேமராக்கள் 32 இருக்கின்றன. ரெக்கார்டரில் 8 டிபி ஹார்டு டிஸ்க் உள்ளது. தீபாவளிக்கு முன் இருப்புக் கணக்கெடுத்தபோது துணி ரோல்கள் குறைந்திருந்தன. பதிவைத் தேடினால் ஐந்து நாள்களுக்கு முந்தையது எதுவுமே இல்லை. எல்லாக் கேமராக்களையும் 8 மெகாபிக்சலுக்கு மாற்றச் சொல்கிறார் விற்பனையாளர். மாற்றலாமா?
– பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். வேறெதையும் திருத்தாமல் கேமராவை மட்டும் மாற்றினால் ஐந்து நாள் மூன்று நாளாகச் சுருங்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இத்தகைய கேமரா வழக்கமான அமைப்பில் நொடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிவை அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 86,400 நொடிகள் கொண்ட ஒரு நாளில் அது சுமார் 43 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும். 32 கேமராக்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,380 ஜிபி வேண்டும். 8 டிபி டிஸ்க்கில் ஆறு நாள் பதிவுகூடத் தேறாது. அது நிரம்பியதும் ரெக்கார்டர் பழையதை அழித்துவிட்டு அதன்மேல் புதியதை எழுதும். ஆக, உங்கள் கருவியில் பழுது ஏதும் இல்லை. பொருத்திய முதல் நாளிலிருந்தே அதன் நினைவு ஐந்து நாள்தான்; இந்தக் கணக்கை உங்களுக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை என்பதுதான் குறை.

எத்தனை நாள் பதிவு வேண்டும் என்பதை டிஸ்க்கின் விலையை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஒரு பொருள் குறைந்தது உங்களுக்கு எத்தனை நாளில் தெரியவரும் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை இருப்பு எடுப்பவருக்கு ஐந்து நாள் பதிவால் பயன் கிடையாது. அவருக்குக் குறைந்தது 35 நாள் வேண்டும். இருப்பை வாரந்தோறும் எடுத்தால் பத்து நாள் போதும். துணிக் கிடங்கில் மட்டும் வாராந்திரக் கணக்கெடுப்பைக் கொண்டுவருவது, டிஸ்க் வாங்குவதைவிடச் செலவு குறைந்த வழி என்பதையும் கவனியுங்கள்.

அடுத்ததாக, 32 கேமராக்களையும் ஒரே தரத்தில் ஓட்ட வேண்டியதில்லை. கேட், துணிக் கிடங்கு, பேக்கிங், லாரி ஏற்றுமிடம் முதலிய இடங்களிலுள்ள எட்டுக் கேமராக்களை இப்போதுள்ள 4 மெகாபிட்டிலேயே விடுங்கள். தையல் வரிசைகளையும் நடைபாதைகளையும் பொதுவாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற 24 கேமராக்களை பதிவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறைக்கு மாற்றி, காட்சி வேகத்தையும் குறைத்து, நொடிக்கு 1 மெகாபிட்டில் நிறுத்தலாம். அப்போது 30 நாள்களுக்கு எட்டுக் கேமராக்கள் 10.4 டிபியும், 24 கேமராக்கள் 7.8 டிபியும் எடுக்கும். இரண்டு 10 டிபி டிஸ்க்குகளில் ஒரு மாதப் பதிவு அடங்கிவிடும். ஒரு கேமராவையும் மாற்றாமல் இது கைகூடும்.

ஏற்றுமதி செய்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் கப்பலேறும் கன்டெய்னரில் பெட்டி குறைந்தது என்ற புகார், சரக்கு வெளிநாட்டில் இறங்கிப் பிரிக்கப்பட்ட பிறகே, பல வாரம் கழித்து வரும். அத்தனை நாள்களுக்கு எல்லாப் பதிவையும் வைத்திருக்க இயலாது. கன்டெய்னர் ஏற்றி முடிந்த அன்றே, முதல் பெட்டி உள்ளே போவதிலிருந்து சீல் வைப்பது வரையுள்ள பகுதியை மட்டும் தனி டிஸ்க்கில் எடுத்து, கன்டெய்னர் எண்ணையும் சீல் எண்ணையும் கோப்பின் பெயராக வைத்துச் சேமியுங்கள். வேலை அரை மணி நேரம்தான். வாங்குபவருடன் தகராறு வரும் நாளில் அந்தக் கோப்பு உங்கள் பக்கம் பேசும்.

இனிக் கேமரா எதைப் பார்க்கிறது என்பது. முகத்தை ஐயமின்றி அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பன்னாட்டு அளவுகோல். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2,560 பிக்சல் அகலமுடையது. அது பத்து மீட்டர் அகலத்தைப் பார்த்தால் முகம் தெளிவாகத் தெரியும். 30 மீட்டர் அகலமுள்ள முற்றத்தைப் பார்த்தால் ஆள் நடமாட்டம் தெரியுமே தவிர, யாரென்று தெரியாது. நான் பார்த்த தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை கேட் கேமராவை முடிந்தவரை உயரத்தில் கட்டி, சாலை முழுவதும் தெரியும்படி திருப்பி வைத்திருக்கின்றன. எல்லாம் தெரிய வேண்டும் என்ற ஆசையில் எதுவும் தெரியாமல் போகிறது. ஆள்கள் நுழையும் சிறு கதவுக்கு எதிரே, முகத்தின் உயரத்தைவிடச் சற்று மேலே, மூன்று மீட்டர் அகலத்தை மட்டும் பார்க்கும் ஒரு கேமராவைத் திருப்பி வையுங்கள். இரவில் லாரியின் முன்விளக்கு வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளையாகக் கரைந்துவிடும். அதற்கென்று அமைப்பு மாற்றப்பட்ட தனிக் கேமரா ஒன்று வேண்டும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை உங்கள் தொழிலில் பஞ்சுத் தூசிதான் முதல் எதிரி. வெளியிலுள்ள கேமராக்களுக்குச் சிலந்தி. அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சிகள் வரும், பூச்சிகளுக்காகச் சிலந்தி வலை பின்னும். பகலில் கண்ணுக்குத் தெரியாத அந்த வலை இரவில் படம் முழுவதையும் வெள்ளைப் புகையாக்கிவிடும். எனவே சோதனையைப் பகலில் மட்டும் செய்தால் போதாது, இரவுப் பதிவையும் பார்க்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூற்பாலைக்கு என்னை அழைத்திருந்தார்கள். மேலாளரின் அறையில் பெரிய திரையில் எல்லாக் கேமராக்களும் ஓடிக்கொண்டிருந்தன. முந்தைய நாள் பதிவைக் காட்டச் சொன்னேன். ஹார்டு டிஸ்க் பழுதாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. நேரலைப் படம் ஓடியதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. அன்றிலிருந்து நான் எங்கு போனாலும் கேட்பது ஒன்றே: திங்கள்கிழமை காலையில் பத்து நிமிடம் ஒதுக்கி, முந்தைய வாரத்தின் ஏதோவொரு இரவு நேரத்தையும், இருக்க வேண்டிய மிகப் பழைய நாளையும் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் ஆள் யார்? அந்த ஆளின் பெயர் இல்லாத இடத்தில் கேமரா எத்தனை இருந்தாலும் பயனில்லை.

கடைசியாக, கேட் பாஸ். வெளியே போகும் ஒவ்வொரு துணி ரோலுக்கும் வேஸ்ட் மூட்டைக்கும் எண்ணிட்ட கேட் பாஸ் இருந்து, செக்யூரிட்டி அதில் மணியையும் நிமிடத்தையும் எழுதினால், பதிவில் தேட வேண்டிய இடம் உடனே கிடைக்கும். மணி எழுதாத பதிவேட்டை வைத்துக்கொண்டு 30 நாள் காட்சியை யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். வேஸ்ட் மூட்டைகளை எடைபோடுவதும் கேமராவின் எதிரிலேயே நடக்கட்டும்.

கேள்வி: ஐயா, நான் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் மாடியில் பின்பக்க அவசர வழிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். துணி திருட்டுப் போகிறது என்பதால் முதலாளியின் உத்தரவு என்கிறார் செக்யூரிட்டி அலுவலர். சாவி கீழே கேட்டில் இருக்கிறது. ஆய்வுக்கு வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவதால் அன்று மட்டும் திறந்திருக்கும். நான் சொன்னால் வேலை போய்விடும். இதை எழுதுங்கள்.
– பெண் வாசகர், கோவை மாவட்டம்

எழுதுகிறேன், அம்மா. முதலாளிகளும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு மாடிப்படிக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்களின் கைப்பைகளைச் சோதிப்பதற்காக எல்லாரையும் ஒரே வாசல் வழியே அனுப்பும் ஏற்பாடு அங்கே இருந்தது. நூறு ஆண்டு கழித்தும் அது தீரவில்லை. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 250க்கும் மேற்பட்டோர், பூட்டிய கதவுகளுக்கும் கம்பி அடித்த ஜன்னல்களுக்கும் பின்னால் இறந்தனர். அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்காவுக்கு அருகே ஆசுலியாவில் தஸ்ரீன் தொழிற்சாலையில் 110க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கேயும் வழிகள் அடைபட்டிருந்தன. மூன்றும் ஆடைத் தொழிற்சாலைகள். திருட்டுப் பயம் பூட்டிய கதவு உயிரை வாங்கும் என்பது நம் தொழிலுக்குப் புதிய செய்தி அல்ல.

அந்தக் கதவைப் பூட்டாமலேயே திருட்டைத் தடுக்க முடியும். உட்புறம் இடுப்பளவில் குறுக்கே ஒரு கம்பி பொருத்திய கதவுகள் கிடைக்கின்றன. உள்ளிருந்து கம்பியை உடம்பால் தள்ளினாலே கதவு திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. அதில் ஒரு சைரனை இணைத்துவிட்டால், திறந்த நொடியில் மாடி முழுவதும் கேட்கும். கதவை நோக்கி ஒரு கேமரா. திறக்கும்போது அறுந்துபோகும் எண்ணிட்ட பிளாஸ்டிக் சீல் ஒன்றை மாட்டி, ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் அந்த எண்ணைச் சரிபார்க்கச் செய்யலாம். அதன் விலை சில ரூபாய்தான். இத்தனையையும் மீறி அந்த வழியே துணி போனால், எந்த நிமிடத்தில் போனது என்பது தெரிந்துவிடும்.

மின்காந்தத்தால் கதவைப் பிடித்து வைக்கும் மேக்னட் லாக் பொருத்தியிருப்பவர்கள் இரண்டு ஏற்பாடுகளை உறுதி செய்ய வேண்டும். ஃபயர் அலாரம் அடித்ததும் எல்லாப் பூட்டுகளுக்கும் மின்சாரம் நின்று கதவுகள் விடுபட வேண்டும். அத்துடன், கதவின் உட்புறத்தில் கண்ணாடியை உடைத்து அழுத்தும் பச்சைப் பெட்டி இருக்க வேண்டும்; அது கம்ப்யூட்டருக்கோ கதவுப் பூட்டுகளை இயக்கும் கன்ட்ரோலருக்கோ கட்டளை அனுப்பும் பொத்தானாக இல்லாமல், பூட்டுக்குப் போகும் மின்கம்பியையே நேரடியாகத் துண்டிப்பதாக இருக்க வேண்டும். புகையில் நிற்பவரிடம் கார்டைத் தேடச் சொல்லக்கூடாது.

உங்களுக்கு ஒரு யோசனை. தனியாளாகச் சொல்ல வேண்டாம். தொழிற்சாலையில் பாதுகாப்புக் குழு இருந்தால், அதன் கூட்டத்தில் தீப்பயிற்சி எப்போது நடத்தப்படும் என்று கேளுங்கள். பயிற்சியை நடத்தும்போது பூட்டு தானே வெளியே வரும். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்குப் பெயர் குறிப்பிடாமலும் எழுதலாம். கதவிருக்கும் மாடி, திசை, சாவி இருக்கும் இடம் ஆகியவற்றைச் சரியாக எழுதினால் போதும். வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தைப்பவர்களாயின், அந்த நிறுவனங்களின் நடத்தை விதிகள் ஒட்டப்பட்டுள்ள பலகையில் பெரும்பாலும் புகார் எண் ஒன்று இருக்கும்; அதையும் பயன்படுத்தலாம். தயங்காதீர்கள், ஆனால் உங்களைக் காட்டிக்கொடுக்கும் வகையில் கதவின் படத்தை உங்கள் செல்பேசியிலிருந்து அனுப்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையில் கார்டு வைத்துத் திறக்கும் கதவுகளும் கைரேகைப் பதிவும் உள்ளன. கார்டை ஒருவருக்காக மற்றொருவர் காட்டுகிறார்கள். கைரேகை பலருக்குப் பதிவதே இல்லை. கதவுக்குக் கல் வைத்துத் திறந்தே விடுகிறார்கள். முகமறியும் கருவிக்கு மாறினால் எல்லாம் தீருமா?
– மனிதவள அலுவலர், கோயம்புத்தூர்

கல் வைத்த கதவு முகத்தைக் கேட்காது. முதலில் கல் ஏன் வந்தது என்று பாருங்கள். அநேகமாக அது கேன்டீனுக்கோ கழிப்பறைக்கோ போகும் வழியாக இருக்கும், அல்லது சூடு தாங்காமல் காற்றுக்காகத் திறந்திருப்பார்கள். நாள்தோறும் இருநூறு முறை கடக்க வேண்டிய கதவுக்குப் பூட்டுப் போட்டால் கல் வரத்தான் செய்யும். அந்தக் கதவைத் திறந்தே விட்டுவிட்டு, பூட்டை உண்மையில் காக்க வேண்டிய உள்ளறைக்கு, அதாவது கருவிக் கிடங்குக்கோ செம்பு, நிக்கல் வைத்திருக்கும் அறைக்கோ மாற்றுங்கள். பூட்டுகள் குறைந்தால் எஞ்சிய பூட்டுகளுக்கு மதிப்புக் கூடும்.

உங்கள் கார்டுகள் எந்த வகை என்று கேட்டறியுங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய கார்டு, தன் எண்ணை எந்தப் பூட்டுமின்றி உரக்கச் சொல்வது போன்றது. அதை நகலெடுக்கும் கையடக்கக் கருவி மலிவாகக் கிடைக்கிறது. 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டுகளிலும் மைஃபேர் கிளாசிக் என்ற வகையின் மறையாக்கத்தை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டிலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். எல்லாக் கதவுகளுக்கும் புதுக் கார்டு வாங்க வேண்டுமென்று சொல்லவில்லை. உள்ளறைகளுக்கு மட்டும் புதிய தலைமுறைக் கார்டுக்கு மாறினால் போதும்.

அதைவிட அவசரமானது பட்டியல். வேலையை விட்டுப் போனவர்களின் கார்டுகள் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் அதிகமுள்ள இடங்களில் இந்த எண்ணிக்கை முதலாளியைத் திடுக்கிட வைக்கும். கணக்குத் தீர்க்கும் படிவத்தில் கார்டு நிறுத்தப்பட்டதற்கான கையெழுத்து இல்லாமல் கடைசிச் சம்பளம் போகக்கூடாது என்று ஒரு விதியை வைத்துவிட்டால் இது தீரும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாத முடிவில் தானே காலாவதியாகும் கார்டுகளை வழங்குங்கள்.

மணலையும் உலோகத்தையும் கையாளும் கைகளில் ரேகை தேய்ந்திருக்கும்; அதைத் தொழிலாளியின் தவறாகக் கருதி அரைநாள் சம்பளத்தைப் பிடிப்பது அநியாயம். அத்தகையோருக்கு முகமறியும் கருவி உதவும் என்பது உண்மைதான். ஆனால் கடவுச்சொல் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்றிக்கொள்ள முடியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலை தொடர்பான சில தேவைகளுக்கு இடம் தருகிறது என்றாலும், திரட்டிய தரவைக் காக்கும் பொறுப்பு நிறுவனத்தின்மீதே இருக்கிறது. அந்த முகப்பதிவுகள் எந்தக் கம்ப்யூட்டரில் உள்ளன, விற்பனையாளரின் கைக்கும் அவை போகின்றனவா, வேலையை விட்டவரின் பதிவு எப்போது அழிக்கப்படும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் பெற்ற பிறகு வாங்குங்கள்.

கேள்வி: ஏஜென்சி அனுப்பும் காவலர்கள் மாதத்துக்கு ஒருவராக மாறுகிறார்கள். கேட்டைத் திறந்து மூடுவதைத் தவிர எதுவும் தெரிவதில்லை. கருவிகளுக்கு இவ்வளவு செலவழித்த பிறகு காவலர் தேவைதானா?
– அலுவலகக் கட்டடப் பொறுப்பாளர், சென்னை

தேவை. அலாரம் அடித்தால் எழுந்து போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைச் சேர்த்துத்தான் அது பாதுகாப்பு.

ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமமின்றி இந்தத் தொழிலை நடத்தக்கூடாது. காவலரின் வயது 18க்கும் 65க்கும் இடையில் இருக்க வேண்டும், அவருடைய நடத்தை சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், வரையறுத்த பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. அந்தச் சான்றுகளின் நகல்களைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நம் பக்கமே இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து, குடிநீரும் கழிப்பறையும் எங்கேயென்று காட்டாமல், ஏஜென்சிக்குக் கொடுக்கும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று ஒருநாளும் கேட்காமல் இருந்தால் யார் தங்குவார்கள்? ஒப்பந்தத்தில் கைக்குச் சேரும் சம்பளத்தையும் எழுதி, வங்கிக் கணக்கில் செலுத்தியதற்கான சான்றை மாதந்தோறும் கேளுங்கள்.

வேலையை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இரவு 2 மணிக்குப் பின்கதவு அலாரம் அடித்தால் முதலில் யாரை அழைப்பது, தனியே போகலாமா, லிஃப்டில் ஆள் சிக்கினால் என்ன செய்வது என்பவை அதில் இருக்கட்டும். வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் என்றால் இந்தியிலோ வங்காளத்திலோ எழுதி ஒட்டுங்கள். மாதத்தில் ஒருநாள், சொல்லாமல் ஒரு கதவைத் திறந்து வைத்து, எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாமதமானால் தண்டிக்க வேண்டாம். அலாரம் அவருக்குக் கேட்டதா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் அலாரம் அடிக்கும் அறை பூட்டிக்கிடக்கும், காவலர் கேட்டில் இருப்பார்.

கேள்வி: எங்கள் கடைக்கு எதிரே நடந்த விபத்தின் பதிவைப் போலீசார் கேட்கிறார்கள். செல்பேசியில் திரையைப் படமெடுத்துக் கொடுத்தால் போதுமா?
– வணிகர், காரைக்குடி

போதாது. ரெக்கார்டரிலிருந்தே அந்த நேரப் பகுதியை, முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, மூல வடிவத்தில் பென் டிரைவில் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் வல்லுநர் மறுபகுதியிலும் கையெழுத்திடுவார்கள், கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் அடையாள எண்ணான ஹாஷ் மதிப்பும் அதில் குறிக்கப்படும். படிவம் அச்சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. ரெக்கார்டரின் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்பதையும் அன்றே எழுதிக் கொடுங்கள். ஹார்டு டிஸ்க்கையே எடுத்துச் சென்றால் ரசீது பெற்றுக்கொண்டு மாற்று டிஸ்க் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பெண் ஊழியர்கள் ஓய்வெடுக்கும் அறையில் திருட்டு நடக்கிறது. கேமரா வைக்கலாமா?
– தனியார் மருத்துவமனை நிர்வாகி, மதுரை

கூடாது. உடை மாற்றும் இடத்திலும், தாய்மார்கள் பாலூட்டும் இடத்திலும், கழிப்பறையிலும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது; பெண்களின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். அறைக்கு வெளியே நடைபாதையில் கேமராவையும், உள்ளே ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள லாக்கரையும் வையுங்கள். நடைபாதையில் கேமரா இருப்பதை அறிவிப்புப் பலகையில் எழுதியும் வையுங்கள்.

கேள்வி: ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டுகிறோம். டெக்னீஷியன் வந்து கேமராக்களைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகிறார். வேறு என்ன கேட்க வேண்டும்?
– தோல் பொருள் உற்பத்தியாளர், ஆம்பூர்

முதலில் கேட்க வேண்டியது அட்மின் கடவுச்சொல். அது டெக்னீஷியனிடம் மட்டும் இருந்தால் கருவி உங்களுடையது அல்ல. அதை மாற்றி, உறையிலிட்டு ஒட்டி, உங்கள் பெட்டகத்தில் வையுங்கள். அவருக்குத் தனிக் கணக்கைத் திறந்து கொடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதிருந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்களின் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் 2016ஆம் ஆண்டில் மிராய் என்ற நச்சுநிரல் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதற்குத் தேவைப்பட்டது சுமார் 60 வழக்கமான பெயர், கடவுச்சொல் இணைகள் கொண்ட பட்டியல் மட்டுமே. உங்கள் செல்பேசியில் கேமராவைப் பார்க்கும் வசதி இருந்தால், வேலையை விட்டுப் போன மேலாளரின் செல்பேசியிலும் அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ஒப்பந்தத்தில் இவற்றை எழுதுங்கள்: ஒவ்வொரு வருகையிலும் மிகப் பழைய பதிவின் தேதியையும் ஹார்டு டிஸ்க்கின் நிலையையும் குறிக்க வேண்டும்; மென்பொருள் புதுப்பிப்பு வந்திருந்தால் ஏற்ற வேண்டும்; முக்கியமான கேமரா பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்றுக் கேமரா மாட்டப்படும் என்பது எண்ணால் குறிக்கப்பட வேண்டும். கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் போயிருந்தால் இடிமழைக் காலத்தில் இரு பக்கக் கருவிகளும் ஒரே மின்னலில் போகலாம். அடுத்த செலவாக அங்கே ஃபைபர் கேபிளுக்கு மாறுவதை யோசியுங்கள்.

பேட்டரியைச் சோதிக்க டெக்னீஷியனுக்காகக் காத்திருக்க வேண்டாம். கன்ட்ரோலர் பெட்டிக்குள் இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. அரை ஆம்பியர் இழுக்கும் மேக்னட் லாக்குகள் இரண்டையும் கன்ட்ரோலரையும் புதிய பேட்டரி சில மணி நேரம் தாங்கும். வெப்பமான பெட்டிக்குள் இரண்டு மூன்று ஆண்டு கிடந்தது அரை மணி நேரம்கூடத் தாங்காது, கதவு தானே விடுபட்டுவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கிறது அல்லவா, அந்த நாளைச் சோதனை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரைக் கருவிகளுக்கு இணைக்காமல், கதவு எத்தனை மணிக்கு விடுபட்டது, ரெக்கார்டர் எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் மின்சாரம் திரும்பியதும் ரெக்கார்டர் தானே பதிவைத் தொடங்கியதா என்று பாருங்கள். அதன் கடிகாரத்தை உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அன்றே பதிவேட்டில் எழுதிவிட்டுத் திருத்துங்கள்.